மாலையும் போட்டோவும் போதாது



உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியாகிவிட்டால் தோட்டத்தில் ஒரு வாரம் திருவிழாதான். கோவிலில் அர்ச்சனை, பாடசாலையில் பொன்னாடை, கட்சிக்காரர் ஒரு மாலை, சங்கம் ஒரு மாலை, கம்பனி ஒரு புத்தகப் பை. எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிறோம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு டவுனுக்கு அடகு வைக்க இறங்குகிறார். அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இந்த வருடம் நாங்கள் கிழக்குக் கரைக்குப் போய் நம் பிள்ளைகள் சிலரைப் பார்த்தோம். ஒலுவிலில் இருக்கிறது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. விடுதியில் இடம் இல்லாதபோது பிள்ளைகள் பக்கத்து ஊரான பாலமுனையில் வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா, பதுளை, பிபிலை, அம்பாறை என்று பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் பயணம். ஒரு அவசரம் என்றால் எந்தத் தாயால் உடனே ஓடிப்போக முடியும்? போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு பேர் போச்சு.

பாலமுனையில் எங்கள் பிள்ளைக்கு அறை கொடுத்திருந்த உம்மா சொன்னார்: "என்ட மகள் ஒங்கட மலப்பக்கம், பேராதெனயில படிக்கிறா. ஒங்கட புள்ளைக்கு நான் சோறு குடுக்கன். என்ட புள்ளைக்கு அங்க ஆரு குடுக்காங்களோ தெரியா." அவர் வீட்டுக்காரருக்கு வயலில் கூலி வேலை. போகம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மலையில் ஒரு தாய், கரையில் ஒரு தாய். இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் நிறை குறையாமல், மழை கெடுக்காமல் 25 பேர் விழுந்தாலும் 33,750தான் வந்தது. இதில் சேமலாப நிதி, சந்தா, கடன், கடை பாக்கி எல்லாம் போகும். வீட்டில் மிச்சம் இருப்பவர்களும் சாப்பிட வேண்டும். மறுபக்கம் மகாபொல புலமைப்பரிசில். 1981இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மாதக் கொடுப்பனவை 2025இல் 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் அந்த 7,500ஐ முப்பது நாளுக்குப் பிரித்தபோது நாளுக்கு 250 ரூபாய்தான் வந்தது. அதில் மூன்று வேளைச் சாப்பாடு, அறை வாடகை, போட்டோக்கொப்பி, போன் டேட்டா, பஸ். அதுவும் முதல் வருடப் பிள்ளைக்கு வந்த உடனே கிடைப்பதில்லை. கையில் காசே இல்லாத முதல் மாதங்களில்தான் மெத்தை, வாளி, உடுப்பு, சப்பாத்து என்று செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது.

இரவு எட்டு மணிக்கு அம்மா போன் எடுக்கிறார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்மா." பிள்ளை சாப்பிட்டிருக்காது. "அங்க வேலை எப்பிடிம்மா?" "நல்லா இருக்கு." இந்த வாரம் மூன்று நாள்தான் வேலை கொடுத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பொய். ஒருவருக்கொருவர் மனசு நோகக்கூடாது என்று சொல்லும் பொய். இதைத்தான் மேடையில் "தாயின் தியாகம்" என்று புகழ்கிறார்கள். கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் விட்ட காசுக்குத் தியாகம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பிள்ளை மாறிவிட்டது என்றும் சில பெற்றோர் மனம் வருந்துகிறார்கள். பேச்சு மாறுகிறது, உடுப்பு மாறுகிறது. எந்த ஊர் என்று கேட்டால் "நுவரெலியா" என்கிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. பிள்ளையை ஏசிப் பயனில்லை. லயத்துக் காம்பரா விலாசத்தை வெட்கப்படும் விலாசமாக வைத்திருப்பது யார்? அந்த வெட்கத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல், இருநூறு வருடமாக அதே லயத்தைக் காட்டி வேலை வாங்குகிறவர்கள் மேல் ஏற்றுவோம்.

"எல்லாரும் படித்துப் போனால் கொழுந்தெடுக்க ஆள் யார்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆள் வேண்டும் என்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள். நம் பிள்ளைகளை மலையில் கட்டி வைத்துத் தேயிலை வளர்க்க வேண்டாம். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். அந்த முப்பது வருடப் பின்னடைவுக்குத்தான் இன்றைய தாய் தன் தோட்டை விற்று வட்டி கட்டுகிறார்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டத்துக்கு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, அம்பாறை மூன்றும் அந்த 16இல் இருக்கின்றன. ஆனால் கோட்டா மாவட்டத்தைப் பார்க்கிறது, தோட்டத்தைப் பார்ப்பதில்லை. டவுனில் டியூஷனுக்குப் போகும் பிள்ளையும், விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் கோட்டா ஒரு வேளைச் சோறும் போடாது.

காத்திருக்கும் காலமும் பிள்ளைகளை விழுங்குகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதற்குப் பிறகுதான் வெட்டுப்புள்ளி, பதிவு எல்லாம். இப்படி இழுபடும்போது கொழும்பில் துணிக்கடைக்குப் போகிற பிள்ளை, வீட்டுக்கு மாதா மாதம் காசு அனுப்பப் பழகிவிடுகிறது. கடிதம் வரும்போது அந்தக் காசை நிறுத்தவும் முடியாது, படிப்பை விடவும் முடியாது.

சேமலாப நிதியைக் கல்விக்குத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்க இப்போது வழி இருக்கிறது. கல்விக்கும் அதைக் கேட்பதை நாங்கள் எதிர்க்கிறோம். முதுமைக்கு என்று இருக்கும் ஒரே காசையும் தாய் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? அவர் கொடுத்தது போதும். இனிக் கொடுக்க வேண்டியது கம்பனியும் அரசும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

ஒன்று: தீபாவளி முற்பணம் கொடுத்துத் தவணையாகக் கழிக்கிற தோட்ட நிர்வாகம், பல்கலைக்கழகத்துக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு வட்டியில்லாத கல்வி முற்பணமும் கொடுக்க வேண்டும். தீபாவளிக் கணக்கோடு அதைச் சேர்க்கக் கூடாது.

இரண்டு: பதிவு நாளுக்கும், பிள்ளைக்கு வருத்தம், பகிடிவதை என்று ஓட வேண்டிய நாளுக்கும் பேர் வெட்டாத லீவு வேண்டும். பகிடிவதையைத் தடுக்க 1998இலேயே 20ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பெற்றோர் போய் முறைப்பாடு செய்ய ஒரு நாள் கிடைக்காவிட்டால் அந்தச் சட்டத்தால் நமக்கு என்ன பயன்?

மூன்று: மகாபொல, உதவிப்பணம் இரண்டிலும் முதல் கொடுப்பனவைப் பதிவு செய்த மாதத்திலேயே அரசு கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் விடுதி கட்டாயம் வேண்டும்.

நான்கு: நம் வேலை. வருமானச் சான்றுக்காகக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் தாய்மார் நாள் நாளாக அலைகிறார்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூடப் போய் முடித்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள்: உங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் படிக்கப் போயிருக்கிறார்கள், எங்கே தங்கியிருக்கிறார்கள், வீட்டில் எவ்வளவு கடன், எத்தனை பேர் பாதியில் திரும்பி வந்தார்கள். அந்தப் பட்டியலை மேசையில் வைத்துத்தான் இந்தமுறை துரைமாரோடு பேசப் போகிறோம்.