வேலைக்குச் செல்லும் வழி யாருடைய பொறுப்பு?

சென்ற திங்களில் ஒரு நாள் காலை ஏழு மணியளவில் பொம்மையார்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பக்கத்து நேயர்களுக்கு அவ்விடத்தை விளக்கத் தேவையில்லை, பிறருக்காகச் சொல்கிறோம். புதுவையிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தைக் கடந்தபின் வரும் மீனவர் ஊர் அது. கிழக்கே கடல், மேற்கே மேடேறினால் ஆரோவில். கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. தந்தை படகேறிய வீட்டிலிருந்து மகனும் மகளும் நகரத்து வேலைக்குப் புறப்படுகின்ற காட்சியே இன்று அங்குக் காலைக் காட்சி.

நம் அருகில் ஓர் இளந்தாய் உணவுப் பையுடன் நின்றிருந்தார். "எங்கே அம்மா வேலை?" என்று வினவினோம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என்றார். இங்கிருந்து பேருந்தில் இராஜீவ்காந்தி சிலைச் சதுக்கம். அங்கு இறங்கி டெம்போ. பின் பத்து நிமிட நடை. வேலை எட்டரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிகிறது. ஆனால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடுகிறது. போகவர அறுபது ரூபாய்; மாதம் 26 நாளுக்கு 1,560 ரூபாய். ஊதியம் 9,000. ஆறில் ஒரு பங்குக்கும் மேலாக வழியிலேயே கரைகிறது. "ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்கிறார் அவர். தவணையை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது, ஐயா" என்றார்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணினோம். இன்று ஒரு பேருந்தில் செல்லக்கூடிய ஐம்பது பேர் நாளை ஐம்பது வண்டிகளில் செல்வார்களாயின், புகையும் நெரிசலும் விபத்தும் பெருகும் என்பதை யாவரும் அறிவோம். அறிந்தும், குற்றத்தை வண்டி வாங்குவோர் தலையிலேயே ஏற்றுகிறோம். அவரை வேலைக்கு அழைத்தவர் யார்? எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று விதித்தவர் யார்? ஆலையைப் பேருந்து செல்லாத மூலையில் எழுப்பியவர் யார்? இவற்றை நாம் கேட்பதே இல்லை.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வெயில் ஏறுமுன் உப்பு வாரவேண்டியவர். இருள் பிரியுமுன்னரே பாத்தியில் இறங்கிவிடுகிறார். கடுமையான வேலைதான். எனினும் பாத்தி ஊரின் விளிம்பிலேயே உள்ளது. புதுவையின் பழைய பஞ்சாலைகளும் குடியிருப்புகளை ஒட்டியே நின்றன. அவ்வாலைத் தொழிலாளர்மீது 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் படையினர் சுட்டதில் 12 பேர் உயிர்நீத்தனர். அப்போராட்டத்தின் பயனாகவே இங்கு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உயிர் கொடுத்துப் பெற்ற அந்த எட்டு மணி, நாம் கண்ட தாய்க்கு வழியையும் சேர்த்துப் பன்னிரண்டு மணியாக மீண்டும் நீண்டுவிட்டது. இதைக் கணக்கில் எழுதுவார் யாருமில்லை.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டு வருகிறது. மகாராட்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளர், 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில், அதிகாலை மூன்று மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் விரைந்தபோது ஆலைக்குச் சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். வழியில் நேர்ந்த சாவு வேலையில் நேர்ந்த சாவாகுமா என்பதே வழக்கு. வேலைக்கும் அப்பயணத்துக்கும் நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் தொடர்பு விளங்குமாயின், அது வேலையில் நேர்ந்ததே என்று 2025-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்குடும்பம் 22 ஆண்டுகள் காத்திருந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் இதே கருத்து 2010-ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே இடம்பெற்றுவிட்டது. சாவு நேர்ந்தால் வழி வேலையைச் சேர்ந்தது. உயிரோடு நாள்தோறும் சென்றுவரும்போது மட்டும் அது தொழிலாளியின் சொந்த விவகாரமா?

புதுவைக் குடும்பங்களில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் இல்லாத தெரு குறைவு. அவர்களைக் கேட்டுப்பாருங்கள். பாரிஸ் வட்டாரத்தில் 1971-ஆம் ஆண்டு முதல், பெரிய நகரங்களில் 1973-ஆம் ஆண்டு முதல், வேலை தருவோர் தாம் வழங்கும் மொத்த ஊதியத்தில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைப் பொதுப் போக்குவரத்துக்கென வரியாகச் செலுத்தி வருகின்றனர். மிகச் சிறிய தொழிலகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அத்துடன், தொழிலாளியின் மாதப் பயணச்சீட்டில் பாதியை முதலாளி திருப்பித் தரவேண்டும் என்ற விதி பாரிஸில் 1982-இல் வந்து, 2009-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆள் வந்து சேர்வதால் பயன் பெறுபவர் அவர் வருவதற்கான செலவில் பங்கேற்கட்டும் என்பதே அதன் நியாயம். பிரெஞ்சுக்காரர் நம் ஊரில் விட்டுச்சென்ற தெருப்பெயர்களைப் போற்றிக் காக்கிறோம். இதைப் போன்ற ஒன்றையும் கற்றுக்கொண்டால் குறைவில்லை.

பயணத்தையே சுருக்குவது வேறொரு வழி. நம் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே அதற்குச் சான்று உண்டு. 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனம், சுரங்கத்தோடு ஒரு நகரையும் அமைத்தது. வட்டம் வட்டமாக வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, அங்காடி என்று யாவும் அருகில். மிதிவண்டியில் பணிக்குச் சென்ற தந்தையை நினைவுகூரும் நெய்வேலிப் பிள்ளைகள் நம் வாசகர்களிலும் பலர். அந்நகருக்கு நிலம் தந்த ஊர்களின் துயரத்தையும், ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அவ்வீடுகள் வாய்க்காததையும் மறைப்பதற்கில்லை. அண்மையில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை எழுப்பியது. பெரும் பணியே. ஆனால் அது படுக்கைக் கணக்கு. நெய்வேலியினது வீட்டுக் கணக்கு. மணமாகிக் குழந்தை பிறந்தபின் அப்பெண் எங்குச் செல்வார்? வழி குறைந்தது, குடும்பமும் தொலைவிலாயிற்று என்றால் எதைச் சேமித்தோம்?

வீட்டுமனை விற்போரையும் விட்டுவிடுவதற்கில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே சவுக்குத் தோப்பை அழித்துக் கல் நட்டு, "புதுவைக்குப் பத்தே நிமிடம்" என்று பலகை வைக்கிறார்கள். எதில் பத்து நிமிடம்? காரில்தான். மனைப்பிரிவின் வாயிலுக்கு வளைவு கட்டும் பணத்தில், முதன்மைச் சாலை வரை நிழலோடு கூடிய நடைபாதை போடலாம். சாலையோரம் நான்கு மனையளவு இடத்தைப் பேருந்து நின்று திரும்ப ஒதுக்கலாம். வாங்குகிற நாமும் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்கிறோம். பேருந்து வருமா என்று கேட்பதில்லை. மரக்காணம்–புதுவைச் சாலையை 46 கிலோமீட்டர் நீளத்துக்கு 2,157 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் இசைவளித்துள்ளது. மனைகளின் விலை ஏறும். நடந்து சாலையைக் கடந்து பேருந்து ஏறுவோருக்கு எங்கே இடம் என்பதை ஊர் மக்கள் இப்போதே கேட்டு வைப்பது நலம்.

வேலை தருவோர் என்றதும் ஆலை முதலாளிகளையே எண்ண வேண்டாம். நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேலை தருபவையே. மாணவர்க்குப் பேருந்து விடுகிறோம். அதே வளாகத்தைப் பெருக்கும் அம்மையார் இரண்டு வண்டி மாறி வருகிறார். ஒருவரோ இருவரோ மட்டும் செல்லும் கார்களால் நகரங்கள் திணறுவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் குறிப்பிட்டுள்ளார். அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியபோது, மண்டபத்தின் வாயிலில் நின்ற கார்களை நாமே எண்ணினோம். எண்ணிக்கையை எழுதவில்லை, அவற்றுள் ஒன்றில்தான் நாமும் வந்திருந்தோம்.

பேருந்து வருவதற்குள் அந்தத் தாய் மேலும் ஒன்று சொன்னார். அவர் ஊரிலிருந்து அதே தொழிற்பேட்டைக்கு ஒன்பது பெண்கள் செல்கிறார்களாம். நான்கு வெவ்வேறு கம்பெனிகள். "நாலு பேரும் சேர்ந்து ஒரு வேன் விட்டால் நாங்களே பாதி கொடுத்துவிடுவோம், ஐயா. யார் போய்க் கேட்பது?" என்றார்.

அவருடைய கம்பெனியின் மேலாளரை நாம் சென்று கண்டோம். மரியாதையாக அமரச் செய்து, காப்பி தந்து, கேட்டுக்கொண்டார். மற்ற மூன்று கம்பெனிகளோடு அதுவரை எதைப் பற்றியும் பேசியதே இல்லை என்றார். பின், வேலை தொடங்கும் நேரம் நான்கிலும் ஒன்றா என்று நம்மையே திருப்பிக் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் அதைக் குறித்துக்கொண்டு, முதலாளியிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். விடை வந்ததும் நேயர்களுக்கு எழுதுகிறோம்.