கடற்படைக்குச் செயற்கைக்கோள், பழவேற்காட்டு மீனவருக்கு?

2025 நவம்பர் 2, ஞாயிறு மாலை 5.26 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3-எம்5 ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்ற சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளின் எடை சுமார் 4,410 கிலோ. அதுவரை இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட தகவல் தொடர்பு செயற்கைக்கோள்களில் இதுவே மிகக் கனமானதாக இருந்தது. இதன் இன்னொரு பெயர் ஜிசாட்-7ஆர். இது தங்களுக்கானது என்று கடற்படையே அறிவித்தது. நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பலும், மேலே பறக்கும் விமானமும், கரையிலுள்ள கட்டுப்பாட்டு மையமும் பேசிக்கொள்ள இது உதவும்.

சொந்த ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் 2013-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கடற்படையின் முதல் செயற்கைக்கோளான ஜிசாட்-7, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. அதைச் செய்ய ஆன செலவைவிட, ஏவியதற்கும் காப்பீட்டுக்கும் கொடுத்த தொகை இரு மடங்குக்கும் அதிகம்.

பணம் மட்டுமல்ல விஷயம். 2022-ல் கிரிமியா அருகே ஸ்டார்லிங்க் இணைப்பைத் தரும்படி உக்ரைன் கேட்டபோது எலான் மஸ்க் மறுத்துவிட்டார். ஒரு நாட்டின் போர் நடவடிக்கை ஒரு தனியாரின் விருப்பத்தில் தொங்கியது!

ஆனால் தாமதத்தை நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஏழாண்டு ஆயுளுக்கெனத் திட்டமிடப்பட்ட ஜிசாட்-7-க்கு மாற்று வர பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தரைப்படைக்கான ஜிசாட்-7பி-க்கு 2023 மார்ச்சில்தான், ரூ.2,963 கோடிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. விமானப்படைக்கு 2018-லேயே ஜிசாட்-7ஏ போய்விட்டது.

இதில் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்ரீஹரிகோட்டா ஆந்திராவில் இருந்தாலும், பழவேற்காடு ஏரி இரு மாநிலங்களுக்கும் பொது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் மொட்டை மாடியில் நின்று ராக்கெட்டைப் பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். 1980-ல் அப்துல் கலாம் தலைமையில் எஸ்எல்வி-3 இதே தீவிலிருந்து எழுந்ததைச் சொல்லி நாமும் பெருமைப்படுகிறோம். ஏவும் நாளில் பழவேற்காடு மீனவர்களிடமோ, கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லப்படுகிறது. ராக்கெட்டின் பாகங்கள் கடலில் விழும் என்பதால் அது நியாயமான எச்சரிக்கைதான். ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் படகு கரையிலேயே கிடக்கும். ஆயிரக்கணக்கான கோடிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் அரசுக்கு, அந்த நாட்களின் கூலியையும் திட்டச் செலவிலேயே சேர்ப்பது பெரிய தொகையல்ல. அடுத்த ஏவுதலுக்கு முன் இரு மாநில அரசுகளும் இதை மத்திய அரசிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.