லீவு கெட்டேன், சார்!

வேலைக்காக வெளியூர் போகிற நம் பையன்கள், அந்த ஊர் பாஷையில் முதலில் கற்றுக்கொள்வது இரண்டே விஷயம். ஒன்று, டீக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் வேண்டிய எண்கள். இன்னொன்றை அச்சில் போட முடியாது. பெங்களூரில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, "கன்னடம் வருமா?" என்று கேட்டால் "ஸ்வல்ப... ஸ்வல்ப..." என்று இளிக்கிற ஆசாமி உங்கள் ஆபீஸிலும் ஒருவராவது இருப்பார்.

அவரை ஒரு நடை ஏலாக்குறிச்சிக்கு அனுப்பி வையுங்கள்.

அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். எந்த மாவட்டம் என்று கேட்டால் கொஞ்சம் மூச்சு வாங்கித்தான் சொல்ல வேண்டும். 1995 வரை திருச்சி. அப்புறம் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் திரும்பவும் பெரம்பலூர். 2007-ல் திரும்பவும் அரியலூர். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. போர்டு எழுதுகிற பெயின்டர்தான் பிழைத்தார்.

சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஓர் இத்தாலிக்காரர் குடியிருந்தார். பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் பிறந்தவர். 1710-ல் கோவாவில் கப்பலை விட்டு இறங்கி, தமிழ்நாட்டுக்கு வந்த ஏசு சபைப் பாதிரியார். 'பெஸ்கி' நம் வாயில் சரியாக நுழையாது என்று தைரியநாதர் ஆனார். அதிலும் வடமொழி வாடை அடிக்கிறதே என்று வீரமாமுனிவர் ஆனார். அவரேதான்! 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் இவருடையதும் ஒன்று. அதன் நிழலில் நின்று நீங்களும் சுண்டல் சாப்பிட்டிருப்பீர்கள்.

வந்த காரியம் மதப்பிரசாரம். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் வந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் நமக்குப் பாடம். அவருக்கு நூறு வருஷம் முன்பே மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காட்டிய வழியில் காவி உடுத்தினார், சைவச் சாப்பாட்டுக்கு மாறினார். இத்தாலிக்காரர் சாம்பார் சாதத்தில் உட்கார்ந்ததைத் தியாகம் என்பீர்களா, அதிர்ஷ்டம் என்பீர்களா, அது உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பொறுத்தது.

தமிழ் படிக்க உட்கார்ந்தவருக்கு ஒரு சங்கதி பளிச்சென்று புரிந்துவிட்டது. இந்த ஜனங்கள் எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் இன்னொன்று! புலவரிடம் பாடம் கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கினால், கீரைக்காரம்மா சொல்வது புரியாது. வேறொருவராக இருந்தால், "பேசுவதெல்லாம் கொச்சை, ஒதுக்கு" என்றிருப்பார். இவர் இரண்டுக்கும் தனித்தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். எழுத்துத் தமிழுக்கு ஒன்று, பேச்சுத் தமிழுக்கு ஒன்று. பின்னதைக் கொடுந்தமிழ் என்றார். கொடுமையான தமிழ் என்று பதற வேண்டாம். வளைந்த தமிழ், அவ்வளவுதான்.

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சடித்தவர்கள் யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிகள். இவரோ அவர்களைத் தாக்கித் தமிழில் புத்தகமே போட்டவர். ஜென்ம விரோதியின் புத்தகத்தை நம் காசில் அச்சடிக்கிறோம் என்றால், அது எவ்வளவு உபயோகமாக இருந்திருக்க வேண்டும்!

அப்புறம் இந்தக் கொம்பு சமாசாரம். அந்தக் காலத்து ஓலைகளில் 'கெ'யும் 'கே'யும் பார்வைக்கு ஒன்றுதான். குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லியும், ஓலையில் யாரும் வைப்பதில்லை. இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியது. நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு என்று பிரித்துக் காட்டியவர் இவர். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மேனேஜருக்கு நீங்கள் எழுதுகிற லெட்டரை நினைத்துப் பாருங்கள். 'லீவு கேட்டேன்' என்பது 'லீவு கெட்டேன்' ஆகியிருக்கும். சில ஆபீஸ்களில் இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

இதே மனுஷர்தான் 3,615 பாட்டில் தேம்பாவணி என்ற காவியமும் பாடினார். கதை ஏசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருடையது. நடப்பது யூதேயாவில். உள்ளே போனால் நெல் வயலும் வாய்க்காலுமாக அச்சு அசல் காவிரிக்கரை! வந்த ஊர் அவருக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது பரமார்த்த குரு. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்தவரும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வந்த சீடர்களும் இவர் பேனாவிலிருந்து வந்தவர்கள்தான். புதிதாக வரும் பாதிரிகள் பேச்சுத் தமிழ் பழகுவதற்காக எழுதிய பாடம் அது. எப்பேர்ப்பட்ட வாத்தியார் பாருங்கள்! பாஷையின் கதவைச் சிரிப்பைக் கொண்டு திறந்திருக்கிறார்.

சிரிப்பிலும் இரண்டு ஜாதி உண்டு. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்துக் குப்பைமேட்டில், பழைய கிரேக்க நாடகம் ஒன்று பாப்பிரஸில் கிடைத்தது. நம் தேசத்துக் கடற்கரையில் மாட்டிக்கொண்ட கிரேக்கப் பெண்ணின் கதை. அதில் உள்ளூர் ஆட்கள் என்னவோ பாஷை பேசுகிறார்கள். கன்னடம் என்கிறார் ஓர் அறிஞர், துளு என்கிறார் இன்னொருவர், வெறும் சத்தம் என்கிறார் மூன்றாமவர். கிரேக்க ரசிகனுக்கு எதுவானால் என்ன? "இவனுக என்னடா இப்படிப் பேசுறானுக" என்று சிரித்திருப்பான். அது பாஷையைப் பார்த்துச் சிரிப்பது. ஏலாக்குறிச்சிக்காரர் செய்தது அந்த பாஷையிலேயே சிரிப்பது. இரண்டாவதற்குப் பல வருஷம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும்.

இன்றைக்கு நம் ஊர்க் கட்டிட வேலையிலும் ஓட்டலிலும் ஒடிசா, பீகார் பையன்கள் நிறைந்திருக்கிறார்கள். "அண்ணே, ரெண்டு பரோட்டா வைக்கவா?" என்று அவன் கேட்கிறபோது, அந்த உச்சரிப்பைக் கேட்டு டேபிளே சிரிக்கிறது. கிரேக்கச் சிரிப்பு! அவனுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதித் தர எந்த முனிவரும் இல்லை. கல்லாவில் விழுகிற வசவிலிருந்தும், கஸ்டமர் போடும் அதட்டலிலிருந்தும்தான் பொறுக்கிக்கொள்கிறான்.

1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் கண்ணை மூடியவர் பெஸ்கி. இங்கே இருந்த 37 வருஷத்தில் இத்தாலி பக்கமே திரும்பவில்லை. அவ்வளவெல்லாம் நம்மால் ஆகாது. அடுத்த தடவை அந்தப் பையன் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் சரியான வார்த்தையை ஒருமுறை நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். அப்படியே ஒடியாவில் சாப்பாட்டுக்கு என்ன வார்த்தை என்று கேட்டு வையுங்கள்.

உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவனும் ஒரு தடவை சிரித்துக்கொள்ளட்டுமே!