கிரயப் பத்திரத்தில் கூலிக்காரர் பெயர் இல்லை

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. "விற்பவரும் வாங்குபவரும் மனமொத்து விலை பேசினால் போதாதா, அனுமதி எதற்கு?" என்பவர்களைத்தான் கேட்கிறோம். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். இப்படி நிலம் கைமாறும்போது பட்டாதாரருக்கு விலை உண்டு. அங்கே களையெடுத்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும்?

அரசு கையகப்படுத்தினால், மூன்றாண்டு அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனம் நேரடியாகக் கிரயம் வாங்கினால் பத்திரத்தில் அவர்கள் பெயர் வராது. சூரிய மின்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை.

கிராம சபையில் கூலிக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, இழப்பீடு எழுதிய பிறகே மின்திட்டத்துக்கு அனுமதி தர வேண்டும். நிலமில்லாத சேரி மக்களைக் கேட்காமல் பேசும் விலை நியாய விலை ஆகாது.