முள்ளு தெரியல: சூம் லென்ஸ் பற்றி ஒரு சண்டை

போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர், பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் கொழுந்து மடுவத்துக்குக் கெமராவோடு போனோம். நாலு பேரும் லயத்துப் பிள்ளைகள்தான். இப்போது கலைப் பீடத்தில் படிக்கிறோம். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஷொட். கொழுந்து நிறுக்கக் கொடுக்கும் பெரியம்மாவின் முகத்தில் தொடங்கி, பக்கத்தில் தொங்கும் தராசின் முள்ளு வரைக்கும் சூம் பண்ண வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது. வெட்டினால் "அது வேற சாக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் ஒட்டோ ஃபோகஸில் எடுத்தோம். முன்னால் புத்தகத்தோடு நின்ற கணக்கப்பிள்ளை திரும்பினார். கெமரா பெரியம்மாவை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் மெனுவலுக்கு மாற்றினோம். முள்ளு 19இல் நின்றதைக் கண்ணால் பார்த்தோம். புத்தகத்தில் ஏறியது 16. தண்ணிக்கும் சாக்குக்குமாம் அந்த மூன்று கிலோ. அன்றைக்கு அவருக்கு அரைப்பேர். ராத்திரி படத்தைப் போட்டுப் பார்த்தால், முகம் பளிச்சென்று இருக்கு. சூம் போகப் போக எல்லாம் கரைந்து, முள்ளு இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புகைதான். பெரியம்மா கேட்ட முதல் கேள்வியே "நம்பர் தெரியுதா புள்ள?" என்பதுதான்.

தெரியல. எங்கள் கை நடுங்கியதால் இல்லை. லென்ஸ் அப்படி.

சூம் பண்ணினாலும் ஃபோகஸ் நகராத லென்ஸைப் பார்ஃபோகல் என்பார்கள். நகர்ந்துவிடுவது வாரிஃபோகல். கெமராவோடு சும்மா வரும் 18-55 போன்ற லென்ஸ்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. போட்டோ எடுக்கிறவருக்கு அது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒட்டோ ஃபோகஸ் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். வீடியோவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூம் பண்ணுகிறவர் மாட்டிக்கொள்வார். அதற்கு மேல், இந்த லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேராகப் பூட்டப்படவில்லை. உள்ளே இருக்கும் மோட்டாருக்குச் சொல்லி அனுப்புகிறது, அவ்வளவுதான். வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். முடிவே இல்லாமல் சுற்றும். பிளாஸ்டர் ஒட்டிக் குறி வைக்கவும் முடியாது.

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தம்பிமாரே, இந்தக் காலத்துல யாரு கையால ஃபோகஸ் பண்றா? புது பொடி வாங்குங்க, கண்ணையே பிடிச்சிக்கும்." அண்ணனுக்கு அது சரி. மணவறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. மடுவத்தில் சண்டையே அதுதான். முன்னால் நிற்கிற பெரிய முகத்தைத்தான் மெஷின் தேடும். தோட்டத்தில் முன்னால் நிற்பது யார், பின்னால் நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். மெஷினிடம் விட்டால் துரையும் கணக்கப்பிள்ளையும்தான் தெளிவாக வருவார்கள்.

கையால் முடியாது என்கிறவர்களுக்கு இரண்டு படம் சொல்கிறோம். கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை பார்பரா கொப்பிள் 'ஹார்லன் கவுண்டி யூ.எஸ்.ஏ.' (1976) என்று 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார். அந்தக் கெமராக்களில் ஒட்டோ ஃபோகஸ் கிடையாது. 1999 ஜூலை 23 அன்று கூலி கேட்டு ஊர்வலம் போன மாஞ்சோலைத் தோட்டத்து ஆட்கள் மீது திருநெல்வேலியில் பொலிஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதைப் பற்றியது. அவர்களும் நம்மைப் போல் கொழுந்து ஆய்கிற சனம். படம் இல்லையென்றால் அந்தச் சாவுகளுக்கு அதிகாரி எழுதினதுதான் கணக்கு.

அப்படியென்றால் என்ன வாங்குவது? புதுசு வேண்டாம் என்கிறோம். வீடியோவுக்கென்றே செய்த ஃபியூஜினன் எம்கே மாதிரியான சூம்கள் அருமையானவை, ஆனால் நம் காசுக்கு எட்டாது. பழைய மெனுவல் சூம் தேடுங்கள். நிக்கோர் 35-70 எஃப் 3.5 ஒரு நல்ல உதாரணம். சூமுக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு இன்னொன்று, எவ்வளவு சூம் பண்ணினாலும் எஃப் 3.5 மாறாது. நிக்கோர் 80-200 எஃப் 4 போல ஒரே வளையத்தை இழுத்தும் திருப்பியும் வேலை செய்வதை விட்டுவிடுங்கள். சூம் பண்ணும்போது ஃபோகஸும் கையோடு வந்துவிடும்.

அடப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் தடிப்பு கொஞ்சம் பிசகினாலும் பார்ஃபோகல் லென்ஸ்கூட வாரிஃபோகல் மாதிரி நடக்கும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே முழுசாக சூம் பண்ணி, விலைச் சீட்டின் எழுத்தில் ஃபோகஸ் வையுங்கள். ரெக்கோர்ட் போட்டு மெதுவாக வெளியே வந்து திரும்ப உள்ளே போங்கள். எழுத்து வாசிக்க முடிந்தால்தான் காசு. டோர்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். நம்ம ஊர் பனியில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சீக்கிரம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. சின்ன சென்சரில் 35 மி.மீ. அகலம் போதாது. மூன்று மீற்றர் தள்ளி நின்றாலும் இரண்டு மீற்றர் அகலம்தான் படத்தில் விழும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் சுவரோடு ஒட்டினாலும் ஒரு குடும்பம் அடங்காது. அதற்கு அந்த 18-55ஐ வைத்துக்கொள்ளுங்கள், சூம் பண்ணாமல். போன் போதுமே என்றால், அவசரத்துக்குப் போதும். யாரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். ஆனால் பல போன்கள் சூம் பண்ணும்போது ஒரு கெமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அந்தத் தாவலைக் காட்டியே "வெட்டி ஒட்டினது" என்பார்கள்.

எல்லவுக்கும் லிப்டன் சீட்டுக்கும் வருகிறவர்கள் நம் அம்மாமாரைக் கூடையோடு சிரிக்கச் சொல்லி எடுத்துப்போகிறார்கள். எல்லாப் படத்திலும் சிரிப்பு தெளிவு, கிலோ தெரியாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிவிட்டார்கள். சண்டை இப்போது தராசில்தான் நடக்கிறது.

நாங்கள் காசு சேர்த்துப் பழைய 35-70 ஒன்று எடுத்திருக்கிறோம். முதலில் முள்ளில் ஃபோகஸ் வைத்து, வெளியே வந்து, பெரியம்மா முகத்திலிருந்து திரும்ப உள்ளே போகப் பழகுகிறோம். அடுத்த விடுமுறையில் அதே மடுவத்துக்குப் போவோம். உங்கள் தோட்டத்துக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், லென்ஸை இரவல் தருகிறோம்.