கடனுக்குக் காவல், குடிகளுக்குக் காகிதம்

வல்லரசுகள் அயல் மண்ணில் தலையிடும்போதெல்லாம் ‘அம்மக்களின் பாதுகாப்புக்காகவே’ என்று அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பின் உள்ளடக்கத்தை அறிய, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உதுமானியப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் நடந்தவற்றை நினைவுகூர வேண்டும்.

எர்சூரும், வான், பித்லிஸ் உள்ளிட்ட ஆறு மாகாணங்களில் வாழ்ந்த ஆர்மீனியக் குடியானவர்கள் தங்கள் உயிரையும் விளைச்சலையும் காக்க நேர்மையான காவல்படையைக் கோரினர். 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை, 61ஆம் பிரிவில், அவர்களது பாதுகாப்புக்கு சுல்தானைப் பொறுப்பாக்கியது. சீர்திருத்தங்களை வல்லரசுகள் கண்காணிக்கும் என்றும் கூறியது. அதே ஆண்டில், சுல்தானுக்கு ராணுவ உதவி அளிப்பதாகவும் அவரிடம் சீர்திருத்த வாக்குறுதி பெற்றதாகவும் சொல்லி, பிரிட்டன் சைப்ரஸ் தீவைத் தன் ஆளுகைக்குக் கொண்டுவந்தது. அங்கே இறங்கிய படைகளில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். தீவு உடனே கைமாறியது. காவல்படை மட்டும் வரவில்லை.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் பிடிவாதமே காரணம் என்று வல்லரசுகளின் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். சுல்தானின் குற்றம் மறுக்க முடியாதது. குடிகளைக் காப்பதற்கு மாறாக, 1891இல் குர்து இனக்குழுத் தலைவர்களைக் கொண்டு ஹமீதியே குதிரைப்படைகளை அமைத்தவர் அவர். ஆனால், அதே சுல்தானைப் பணிய வைக்கும் வழி வல்லரசுகளுக்குத் தெரியாததல்ல. 1875இல் பேரரசு கடன் தவணையில் தவறியது. 1881இல் உப்பு, முத்திரைத்தாள், மதுபானம், மீன், பட்டு ஆகியவற்றின் வருவாய்கள் ஐரோப்பியக் கடன் பத்திரக்காரர்களின் நிர்வாகத்துக்குச் சென்றன. புகையிலை ஏகபோகம் ஐரோப்பிய வங்கிகளின் ‘ரெஜி’ நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்நிறுவனம் ஆயுதமேந்திய சொந்தக் காவலர்களை வைத்துக்கொண்டது. கள்ளத்தனமாகப் புகையிலை விற்ற துருக்கிய விவசாயிகளும் அவர்களது துப்பாக்கிக்கு இரையாயினர். ஆக, பத்திரக்காரனின் வட்டிக்குக் காவல்படை சாத்தியமாயிற்று. பாடுபடுபவனின் உயிருக்கு அது சாத்தியமாகவில்லை.

சாசூன் படுகொலைக்குப் பின், 1895 மே மாதத்தில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவை முன்வைத்த திட்டம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மக்கள்தொகை விகிதத்தில் இடம்பெறும் காவல்படையைக் கோரியது. கோரிக்கை நியாயமானது. ஆனால் அதை நிறைவேற்றும் உறுதி மூன்று அரசுகளுக்கும் இல்லை. ஒன்றன் ஆதாயத்தை மற்றொன்று அஞ்சியது. அக்டோபரில் சுல்தான் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். அந்த இலையுதிர்காலத்திலேயே பல்லாயிரம் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டனர். ஐரோப்பா கண்டனக் குறிப்புகளை அனுப்பியது.

1896 ஆகஸ்ட் 26 அன்று ஆர்மீனியப் புரட்சியாளர்கள் சிலர் இஸ்தான்புல்லில் உதுமானிய வங்கியைக் கைப்பற்றினர். ஐரோப்பிய மூலதனம் குவிந்திருந்த அந்த வங்கியில் கைவைத்ததும் தூதரகங்கள் அன்றிரவே பேச்சுவார்த்தை நடத்தி, அவர்களைப் பத்திரமாகக் கப்பலேற்றின. நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான ஏழை ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதைத் தடுக்க அத்தகைய வேகம் காட்டப்படவில்லை.

ஏகாதிபத்தியம் கொண்டுவரும் ‘காவல் சீர்திருத்தம்’ எதைக் காக்கிறது என்பதே முதற்கேள்வி. சாசூன் விவசாயிக்கு நண்பனாக இருந்திருக்கக் கூடியவர், அதே வரிச்சுமையில் வதைந்த துருக்கிய, குர்து விவசாயிகளே. அந்த ஒற்றுமையைச் சுல்தானும் விரும்பவில்லை, அவருக்குக் கடன் கொடுத்தவர்களும் விரும்பவில்லை. இன்றும் பாதுகாப்பின் பெயரால் வருகிற வல்லரசுகளை, அவர்களது அறிக்கைகளை வைத்து அல்ல, எந்தக் கருவூலத்தின் வாசலில் அவர்கள் காவல் நிற்கிறார்கள் என்பதை வைத்தே உழைக்கும் மக்கள் எடைபோட வேண்டும்.