லாபப் பணத்தை எங்கே போடுவது?
அம்பத்தூர் கம்பெனி போட்ட கணக்கு

திருமுல்லைவாயில் ரெயில் நிலையத்துக்குக் கிழக்கே அம்பத்தூர். மேற்கே ஆவடி. இரண்டு ஊர்களிலும் ஒரு சைக்கிள் கம்பெனியின் கதை இருக்கிறது.

1949-ம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்து நாட்டின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தனர். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது.

சைக்கிளுக்கு எஃகுக் குழாய் வேண்டும். அதை விலைக்கு வாங்குவதா, சொந்தமாகச் செய்வதா? 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை அமைந்தது.

வட்டிக் கணக்கு

இப்படிப் பணம் போடுமுன் எந்தக் கம்பெனியும் ஒரு கணக்குப் போட வேண்டும்.

1 லட்சம் ரூபாய் கடன். ஆண்டு வட்டி 10 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் வாங்கிய இயந்திரம் 14 ஆயிரம் சம்பாதித்தால், 4 ஆயிரம் மிச்சம். கம்பெனியின் மதிப்பு உயரும். 7 ஆயிரம்தான் வந்தால், 3 ஆயிரம் கைநஷ்டம்!

சொந்தப் பணத்துக்கும் இதே கணக்குத்தான். அதை வேறு இடத்தில் போட்டிருந்தால் வருமானம் வந்திருக்கும் அல்லவா?

8 ரூபாய் 56 காசு

2020-ம் ஆண்டில் அம்பத்தூர் கம்பெனி துணிந்து ஒரு முடிவு எடுத்தது. மோட்டார்களும் மின்மாற்றிகளும் செய்யும் சி.ஜி. பவர் கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதில் சுமார் 700 கோடி ரூபாய் போட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் முன்வந்தது. ஒரு பங்கின் விலை 8 ரூபாய் 56 காசு!

கடன் கொடுத்த வங்கிகளும் நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன. கம்பெனி தலைநிமிர்ந்தது. 2024-ல் பங்கு விலை 500 ரூபாயைத் தாண்டியது.

கடனா? பங்கா?

எல்லா முதலீடும் இப்படிப் பலிப்பதில்லை. மின்சார ஆட்டோ போன்ற புதுத் தொழிலில் லாபம் வரச் சில ஆண்டுகள் ஆகலாம். கடனுக்கோ லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி கட்டவேண்டும். பங்குக்குப் பணம் கொடுத்தவர் காத்திருப்பார். ஆனால் பிற்பாடு லாபம் வரும்போது அவருக்கும் பங்கு உண்டு.

எனவே, நிச்சய வருமானம் உள்ள தொழிலுக்குக் கடன் ஏற்றது. நிச்சயம் இல்லாத தொழிலுக்குப் பங்குப் பணமே நல்லது.

கணக்குத் தவறினால் பங்குதாரருக்கு மட்டும் நஷ்டம் அல்ல. அந்த ஆலையை நம்பிக் காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்படும் தொழிலாளியின் வீட்டு அடுப்பும் அணையும்.

கடன் வாங்கித் தையல் இயந்திரம் வாங்கும் குடும்பத்துக்கும் கணக்கு இதுதான்: இயந்திரம் சம்பாதிப்பது வட்டியைவிட அதிகமாக இருக்கவேண்டும்.